சிப்பாயின் நாக்கு

1937-ஆம் வருஷம் அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்த காப்டன் பால் லோகன் என்பவர், பென்ஸில்வேனியா மாகாணத்திலுள்ள ஹெர்ஷி சாக்லேட் தொழிற்சாலையாரைப் பார்க்கப் போனார். யுத்த களத்தில் ஒவ்வொரு சிப்பாயின் பையிலும் ஆபத்துச் சமயத்துக்கென்று ஒரு சாக்லேட் கட்டி இருக்க வேண்டும் என்பது ராணுவத்தின் எண்ணம். அதற்குக் காப்டன் நான்கு நிபந்தனைகள் சொன்னார். கட்டி நான்கு அவுன்ஸ் எடை இருக்க வேண்டும். அந்தச் சிறு எடைக்குள் உடம்புக்கு வேண்டிய தெம்பு மிகுதியாக அடங்கியிருக்க வேண்டும். கொடும் வெயிலிலும் உருகக் கூடாது. நான்காவது நிபந்தனைதான் விசேஷமானது. வேகவைத்த உருளைக்கிழங்கைக் காட்டிலும் ருசி சற்றே மேலாக இருந்தால் போதும். அதற்கு மேல் வேண்டாம்!

மிட்டாய்க் கடைக்குப் போய், "ருசியில்லாத மிட்டாயாகப் பார்த்துக் கொடு" என்று கேட்ட மனிதர் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் காப்டன் லோகன் அசடு அல்ல. அவருடைய நியாயம் இதுதான்: சாக்லேட் நன்றாக இருந்தால் சிப்பாய் அதை முதல் நாளே தின்று தீர்த்துவிடுவான், நிஜமான ஆபத்து வரும்போது பையில் காகிதம்தான் மிஞ்சும். பேரப்பிள்ளைகளுக்குப் பயந்து முறுக்கு டின்னைப் பரண்மேல் ஒளித்து வைக்கும் பாட்டியின் நியாயம் இது. என்ன வித்தியாசம் என்றால், எந்தப் பாட்டியும் அதற்காக முறுக்கை மோசமாகச் சுடுவதில்லை.

தொழிற்சாலையின் ரசாயன நிபுணர் சொன்னபடியே செய்து கொடுத்தார். ஓட்ஸ் மாவு கலந்த அந்தக் குழம்பு, அச்சில் ஊற்ற முடியாமல் கையால் அழுத்தி நிரப்பும்படி அவ்வளவு கெட்டியாக இருந்தது. ஒரு கட்டியில் 600 கலோரி. பல் உறுதியாக உள்ளவர்கள்கூடக் கத்தியால் சீவித்தான் தின்ன வேண்டும். கசப்பு வேறு. இரண்டாவது உலக யுத்தத்தில் இதைக் கோடிக் கணக்கில் செய்து அனுப்பினார்கள். சிப்பாய்கள் இதற்கு "ஹிட்லரின் ரகசிய ஆயுதம்" என்று பெயர் வைத்தார்கள். பலர் வழியிலேயே தூக்கி எறிந்தார்கள். ஆபத்துச் சமயம் வந்தபோது பையில் காகிதம்கூட மிஞ்சவில்லை.

காப்டன் லோகனின் கணக்கில் இருந்த பிழையை அவருக்கு 82 வருஷங்களுக்கு முன்பே ஒருவர் கண்டுபிடித்து, திருத்தியும் காட்டியிருந்தார். அவர் ராணுவத்தைச் சேர்ந்தவர் அல்ல, வைத்தியரும் அல்ல. சமையற்காரர்.

அலெக்ஸிஸ் ஸோயர் 1810-ல் பிரான்ஸ் தேசத்தில் மோ என்னும் ஊரில் பிறந்தவர். இளம் வயதிலேயே பாரிஸில் சமையல் கற்றுக்கொண்டு, 1831-ல் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார். 1837 முதல் 1850 வரை லண்டன் ரிபார்ம் கிளப்பின் தலைமைச் சமையற்காரர். அங்கே அவர் அமைத்த சமையலறையில் காஸ் அடுப்புகள் எரிந்தன. அந்தக் காலத்தில் அது பெரிய அதிசயம். பிரபுக்களும் சீமாட்டிகளும் சாப்பாட்டைவிடச் சமையலறையைப் பார்ப்பதற்கே கூட்டமாக வந்தார்கள். விக்டோரியா ராணியின் முடிசூட்டு விழா நாளில் 2,000 பேருக்குக் காலை விருந்து தயாரித்துப் புகழ் பெற்றார்.

புகழை அவரும் வெறுக்கவில்லை. சட்டை, கோட்டு, தொப்பி எல்லாவற்றையும் கோணலாக வெட்டித் தைத்துப் போட்டுக்கொள்வார். நேர்கோடு என்பதே அவருக்குப் பிடிக்காது. தம் பெயர் அச்சிட்ட சீட்டைக்கூடச் சாய்வாக வெட்டி வைத்திருந்தார். தாக்கரே தம் 'பெண்டென்னிஸ்' நாவலில் ஒரு பிரெஞ்சுச் சமையற்காரரைப் படைத்துச் சிரிக்க வைத்தபோது, அது யார் என்று லண்டனில் எவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நாவலாசிரியர்களுக்கு இந்த மாதிரி மனிதர் கிடைத்தால் கொண்டாட்டம்தான். கோணல் சட்டைக்குள் இருந்த மனிதரைத் தாக்கரே பாதிதான் பார்த்தார் என்பது என் அபிப்பிராயம். ஸோயரின் மனைவி எம்மா நல்ல ஓவியர். அவள் 1842-ல் அகாலமாக இறந்த பிறகு அவருடைய ஆடம்பரத்தின் அடியில் ஒரு வெறுமை இருந்துகொண்டே இருந்தது.

அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் தலைவிரித்து ஆடிய காலம். 1847-ல் சர்க்கார் ஸோயரை டப்ளின் நகருக்கு அழைத்தது. அவர் அங்கே ஒரு பெரிய கொட்டகை போட்டு, ராட்சதக் கொப்பரை வைத்து, நாள் ஒன்றுக்கு ஆயிரக் கணக்கானவர்களுக்கு சூப் ஊற்றினார். மணி அடித்தால் நூறு பேர் உள்ளே வருவார்கள், குடிப்பார்கள், மறுபடி மணி அடித்தால் வெளியே போவார்கள். கரண்டிகளைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். சூப் ருசியாகத்தான் இருந்தது. ஆனால் அதில் சத்து போதாது என்று டாக்டர்கள் பத்திரிகைகளில் எழுதினார்கள். அவர்கள் சொன்னது சரிதான். கால் பவுண்டு மாமிசத்தை எட்டுப் பேருக்குப் பங்கிட்டுவிட்டு எவ்வளவு மணமாகத் தாளித்தாலும் பசி ஏமாறாது. ருசி மட்டும் போதும் என்று நினைப்பதும் ஒரு பிழை என்பதை ஸோயர் அங்கே கற்றிருக்க வேண்டும். எட்டு வருஷம் கழித்து அவர் எதிர்ப்பட்ட கஷ்டம் நேர் எதிரானது. அங்கே மாமிசம் வேண்டிய மட்டும் இருந்தது, சாப்பிடத்தான் முடியவில்லை.

கிரிமியா என்பது கருங்கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தீபகற்பம். 1854 செப்டம்பரில் இங்கிலாந்தும் பிரான்ஸும் துருக்கியும் சேர்ந்து ருஷ்யாவை எதிர்த்து அங்கே படையிறக்கின. அந்தக் குளிர்காலத்தில் பிரிட்டிஷ் துருப்புகள் பட்ட பாட்டைப் படித்தால் கண்ணில் நீர் வரும். யுத்தம் முடிவதற்குள் சுமார் 21,000 பிரிட்டிஷ் சிப்பாய்கள் மாண்டார்கள். அவர்களில் ஏறக்குறைய 16,000 பேரைக் கொன்றது ருஷ்யக் குண்டு அல்ல, நோய்.

கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. ஆளுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு பிஸ்கோத்து, ஒரு பவுண்டு இறைச்சி. ஆனால் அந்த இறைச்சி உப்பில் ஊறிக் கிடந்த மாமிசம். இரவெல்லாம் நல்ல தண்ணீரில் போட்டு உப்பை இறக்கினால்தான் வாயில் வைக்கலாம். ஊறவைக்கப் பாத்திரம் இல்லை. வேகவைக்க விறகு இல்லை. பனியில் உறைந்த மண்ணைத் தோண்டிச் செடிகளின் வேரைப் பிடுங்கி எரித்தார்கள். பிஸ்கோத்தோ கல். காய்கறி காணாமல் ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் கண்டவர்களுக்கு அந்தக் கல்லைக் கடித்துத் தின்னச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த நோய்க்கு மருந்தான எலுமிச்சைச் சாறு பாலக்ளாவா துறைமுகத்துக் கிடங்கில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கி, வெளியே போக உத்தரவு இல்லாமல் வாரக் கணக்கில் கிடந்தது.

காப்பியின் கதையைக் கேட்டால் நம் வாசகர்கள் ஆத்திரப்படுவார்கள். சிப்பாய்களுக்குக் காப்பி உண்டு என்று உத்தரவாயிற்று. வந்து சேர்ந்தது பச்சைக் கொட்டை! வறுக்க வாணலி இல்லை, அரைக்க இயந்திரம் இல்லை, நெருப்பே இல்லை. சிலர் சாப்பாட்டுத் தகரத்தின் மூடியில் கருக்கி, பீரங்கிக் குண்டால் நசுக்கிக் குடித்துப் பார்த்தார்கள். கும்பகோணத்துக்காரர் ஒருவர் அந்தப் படையில் இருந்திருந்தால் அன்றைக்கே கலகம் மூண்டிருக்கும்.

பக்கத்து முகாமில் இருந்த பிரெஞ்சுச் சிப்பாய்கள் இவ்வளவு வாடவில்லை. அவர்கள் பல பேராகச் சேர்ந்து, ஒருவனைச் சமையலுக்கு விட்டு, கிடைத்ததையெல்லாம் ஒரே பாத்திரத்தில் போட்டு சூப் வைத்தார்கள். ஆங்கிலேயன் தன் பங்கைத் தன் தகரத்தில் தானே வேகவைத்தான், அல்லது வேகவைக்காமலே விழுங்கினான். பன்னிரண்டு மணி நேரம் பள்ளத்தில் காவல் இருந்து நனைந்து திரும்புகிறவனுக்கு அடுப்பு மூட்டுகிற தெம்பு எங்கே இருக்கும்?

இந்தச் செய்திகள் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் வந்தபோது ஸோயருக்கு வயது 44. கிளப் உத்தியோகத்தை விட்டாயிற்று. 1851-ல் பெரிய போஜன சாலை ஒன்று வைத்து 7,000 பவுன் நஷ்டப்பட்டும் ஆயிற்று. 1855 பிப்ரவரியில் 'டைம்ஸ்' பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். சர்க்கார் அனுமதித்தால் சொந்தச் செலவில் போய் ராணுவ ஆஸ்பத்திரிச் சமையலைச் சீர்திருத்தித் தருகிறேன் என்றார். யுத்த மந்திரி பான்மூர் பிரபு சம்மதித்தார். கோணல் தொப்பியோடு ஸோயர் கப்பல் ஏறினார்.

மார்ச்சு மாதத்தில் அவர் வந்து சேர்ந்த இடம், கான்ஸ்டாண்டிநோபிளுக்கு எதிர்க்கரையிலுள்ள ஸ்குடாரி ஆஸ்பத்திரி. புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் நாலு மாதங்களுக்கு முன்பே அங்கே வந்து, நோயாளிகளுக்குக் கஞ்சியும் பத்திய உணவும் தயாரிக்கத் தனியாக அடுப்புகள் போட்டிருந்தார். ஆனால் பெரிய சமையற்கட்டு அவர் கைக்கு எட்டாதது. அதற்குச் சட்ட திட்டங்கள் இருந்தன.

ஸோயர் உள்ளே போய்ப் பார்த்தார். வரிசையாகப் பெரிய கொப்பரைகள். ஒவ்வொரு வார்டுக்கும் உரிய இறைச்சியை ஒரு மரக்கட்டையில் கோத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக் கொதிநீரில் போட்டிருந்தார்கள். எது யாருடையது என்று தெரிய அடையாளம் வேண்டுமல்லவா? ஒன்றில் பொத்தான் சரம், ஒன்றில் சிவப்புக் கந்தல், ஒன்றில் வைத்தியருடைய கத்தரிக்கோல், இன்னொன்றில் மெழுகுவர்த்தித் திரி கத்தரிக்கும் பழைய கருவி! எல்லாம் இறைச்சியோடு சேர்ந்து கொதித்துக்கொண்டிருந்தன. கட்டு இறுக்கமாக இருந்தபடியால் வெளிப்புறம் நாராகவும் உள்ளே பச்சையாகவும் இருந்தது. வெந்து முடிந்ததும் கொப்பரைத் தண்ணீரை அப்படியே கொட்டினார்கள். இறைச்சியின் சாரமெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருந்தது. சோறு வடித்த கஞ்சியை ஆட்டுக்கும் மாட்டுக்குமாவது வைக்கிற தேசத்தில் பிறந்த நமக்கு அதைப் படிக்கும்போதே மனம் பதறுகிறது.

பங்கீடு அதைவிட விநோதம். எலும்போடு சேர்த்து நிறுத்து வழங்கியதால், ஒருவன் தட்டில் மாமிசமும் அடுத்தவன் தட்டில் எலும்பும் விழும். எலும்பை நீக்கிவிட்டுப் பங்கிடலாமே என்று நைட்டிங்கேல் அம்மையார் கேட்டபோது, அதற்கு ராணுவத்தில் புதிதாக ஒரு விதி இயற்ற வேண்டும் என்று பதில் வந்தது.

ஸோயர் புதிதாக எதையும் கேட்கவில்லை. அதே பங்கு, அதே அளவு, அதே கொப்பரை. கட்டைத் தளர்த்தினார், அடையாளப் பொருள்களுக்குப் பதில் எண் பொறித்த இரும்புக் கம்பிகளைக் கொடுத்தார். கொதிநீரைக் கொட்டாமல் அதில் காய்கறியும் பார்லியும் போட்டு, உப்பும் மிளகும் அளவாகச் சேர்த்து சூப் ஆக்கினார். மேலே மிதந்த கொழுப்பை எடுத்துச் சேர்த்துவைத்தார். விலை கொடுத்து வாங்கிய ஊசல் வெண்ணெயைக் காட்டிலும் அது மேலாக இருந்தது. பிறகு டாக்டர்களை அழைத்து, பழைய முறைப்படி செய்ததையும் தாம் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசி பார்க்கச் சொன்னார். இந்த இடத்தில் அவருடைய நாடகப் புத்தி நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது. ஒரு கரண்டி சூப்புக்கு முன்னால் சட்ட திட்டம் எத்தனை நேரம் நிற்கும்?

தேநீருக்கும் ஒரு வழி செய்தார். அதுவரை தேயிலையைத் துணியில் முடிந்து, சூப் கொதித்த அதே கொப்பரையில் போட்டு எடுத்தார்கள். கொழுப்பு மிதக்கும் தேநீரை நோயாளி எப்படிக் குடிப்பான்? நடுவே வடிகட்டி வைத்த ஒரு கெட்டிலைச் செய்வித்தார். பலருக்கு ஒரே தடவையில் தேநீர் போடலாம். இலையும் குறைவாகச் செலவாயிற்று. இத்தனை பேருக்கு இன்ன சாமான் இவ்வளவு என்று குறிப்புகள் எழுதிக் கொடுத்தார். ஏனென்றால் அங்கே சமையல் செய்தவர்கள் சமையற்காரர்கள் அல்ல. இன்றைக்கு ஒரு சிப்பாய், அடுத்த வாரம் இன்னொரு சிப்பாய். கற்றுக்கொண்டவன் போய்விடுவான்; கல்லாதவன் வருவான். சமையலுக்கென்றே பயின்ற நிரந்தர ஆட்கள் வேண்டும் என்று ஸோயர் ஓயாமல் சொல்லிவந்தார். பிரிட்டிஷ் ராணுவம் அப்படி ஒரு தனிப் பிரிவை ஏற்படுத்தியது 1941-ல். யோசிப்பதற்கு 86 வருஷம் எடுத்துக்கொண்டார்கள்!

மே மாதத்தில் நைட்டிங்கேல் அம்மையாரோடு யுத்த முனைக்கே போனார். அங்கே அவருடைய பெயரை நிலைநாட்டிய பொருள் வந்தது. அது ஓர் அடுப்பு. பார்ப்பதற்குத் தகரப் பீப்பாய் போல் இருக்கும். கீழே நெருப்பு, மேலே கொப்பரை, மூடி, பக்கத்தில் புகைபோக்கி. ஓர் அடுப்பில் ஐம்பது பேருக்குச் சமைக்கலாம். கொஞ்சம் விறகு போதும். நிலக்கரியோ சாணமோ எது கிடைத்தாலும் எரியும். மழையில் அணையாது. நெருப்பு உள்ளேயே அடங்கியிருப்பதால் இரவில் எதிரியின் கண்ணுக்கும் தெரியாது. 1855 ஆகஸ்டில் ஸெவாஸ்தபோல் கோட்டைக்கு எதிரே, தளபதிகள் எல்லோரையும் அழைத்து, மேஜை விரித்து, சிப்பாயின் பங்கு உணவையே அந்த அடுப்பில் விதம் விதமாகச் சமைத்துப் பரிமாறினார். பீரங்கி முழங்கும் இடத்துக்கு அருகில் விருந்து நடத்தியதைப் பரிகாசம் செய்தவர்களும் உண்டு. ஆனால் அடுப்பு நின்றுவிட்டது. சிறு சிறு மாறுதல்களோடு நூறு வருஷத்துக்கு மேல் பிரிட்டிஷ் ராணுவத்தில் அது எரிந்தது.

கிரிமியாவில் பிடித்த காய்ச்சல் ஸோயரின் உடம்பை உருக்கிவிட்டது. திரும்பி வந்து 1857-ல் தம் அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார். 1858 ஆகஸ்டு 5-ஆம் தேதி, 48 வயதில், லண்டனில் காலமானார். அவர் போனது பெரிய விபத்து என்று நைட்டிங்கேல் அம்மையார் எழுதினார். ஒருவரைப் பற்றி வெறும் உபசார வார்த்தை எழுதும் பழக்கம் அந்த அம்மையாருக்குக் கிடையாது.

அடுப்பை எடுத்துக்கொண்ட ராணுவங்கள் ஸோயரின் நாக்கை எடுத்துக்கொள்ளவில்லை. தகர டப்பா வந்ததும் அவர்களுக்கு நிம்மதி பிறந்துவிட்டது. டப்பாவில் அடைத்தால் கெடாது. கெடாவிட்டால் வேறென்ன கேள்வி? முதல் உலக யுத்தத்தில் பிரெஞ்சு நாட்டுப் பள்ளங்களில் கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்க்கு மகோனோச்சி என்று ஒரு டப்பா கிடைத்தது. மாமிசத் துண்டுகள், டர்னிப், காரட், நீர்த்த குழம்பு. சூடாக்கினால் பரவாயில்லை, ஆறிப்போயிருந்தால் எதிரிக்குக்கூட அதைக் கொடுக்க மனம் வராது என்பது அவர்கள் கட்சி. ஆகவே சிப்பாய்கள் தாங்களே சமையற்காரர்கள் ஆனார்கள். பிஸ்கோத்தைக் கத்திப்பிடியால் பொடித்துத் தண்ணீரில் ஊறவைத்து ஜாமைக் கலந்து புட்டிங் என்று பெயர் சூட்டினார்கள். மாமிச டப்பாவில் பொடித்த பிஸ்கோத்தைத் தூவிப் பொரித்தார்கள். மேலதிகாரி செய்யாததைப் பசி செய்தது.

இரண்டாவது யுத்தம் வந்தபோது சத்து விஞ்ஞானம் வளர்ந்திருந்தது. மினஸோடா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆன்ஸல் கீஸ் என்ற உடலியல் நிபுணர், 1941-ல் கடைத்தெருவில் கிடைத்த கெட்டி பிஸ்கோத்து, உலர்ந்த இறைச்சி, மிட்டாய், சாக்லேட் இவற்றை வைத்து, பையில் அடங்கும் ஒரு நாள் உணவைத் திட்டம் செய்தார். அதுதான் கே-ரேஷன். காலை, மத்தியானம், இரவு என்று மூன்று பெட்டிகள். ஏறக்குறைய 3,000 கலோரி. எல்லாம் எண்ணி வைத்தது. சிற்சில நாட்களுக்கு மட்டும் என்று வகுத்தது. யுத்தத்திலோ அதையே மாதக் கணக்கில் தின்னும்படி ஆயிற்று. 1944-ல் அஸ்ஸாமிலுள்ள லீடோவிலிருந்து பர்மாக் காட்டுக்குள் புகுந்த மெரில் என்ற தளபதியின் அமெரிக்கப் படை, விமானத்திலிருந்து போட்ட கே-ரேஷனையே நம்பி மலைகளையும் ஆறுகளையும் கடந்தது. அந்தப் பெட்டியில் ஸ்கர்வி வராமல் காக்கும் வைட்டமின் பெரும்பாலும் எலுமிச்சைப் பானத் தூளில் இருந்தது. தூளின் புளிப்பைக் கண்டு சிப்பாய்கள் அதை வீசி எறிந்தார்கள். பாத்திரம் துலக்க உதவுகிறது என்றும் சிலர் கண்டார்கள். பாலக்ளாவாக் கிடங்கில் உத்தரவுக்காகக் காத்திருந்த எலுமிச்சைச் சாறு ஞாபகம் இருக்கிறதல்லவா? அங்கே கொடுக்கவில்லை, இங்கே கொடுத்தும் குடிக்கவில்லை. உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

அமெரிக்கர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் குறை சொன்னவனை அடக்குவதற்குப் பதிலாக, குறையை அளக்கப் புறப்பட்டார்கள். சிக்காகோவில் இருந்த ராணுவ உணவு ஆராய்ச்சிக் கூடத்தில் யுத்தத்துக்குப் பிறகு ஓர் அளவுகோல் செய்தார்கள். சிப்பாய்க்கு ஒரு பண்டத்தைக் கொடுத்து, "மிக மிகப் பிடித்திருக்கிறது" என்பதிலிருந்து "மிக மிகப் பிடிக்கவில்லை" என்பது வரை ஒன்பது படிகளில் ஒன்றைக் குறிக்கச் சொல்வார்கள். நடுப்படி, பிடித்தது என்றும் சொல்வதற்கில்லை, பிடிக்கவில்லை என்றும் சொல்வதற்கில்லை. இன்று உலகத்தில் பிஸ்கோத்து, ஐஸ்கிரீம் செய்கிற கம்பெனிகள் எல்லாம் உபயோகிப்பது இந்த ராணுவ அளவுகோலைத்தான். நம் வீடுகளில் "சாம்பார் எப்படி?" என்று கேட்டால் கணவன்மார் சொல்லும் "உம்" இதில் எத்தனையாவது படி என்று அந்த விஞ்ஞானிகளைக் கேட்க வேண்டும்.

வியட்நாம் யுத்தத்தில் மறுபடியும் டப்பாதான். அங்கே சாப்பாட்டைக் காப்பாற்றியது மிளகாய். லூயிஸியானா மாகாணத்தில் டபாஸ்கோ என்னும் மிளகாய்க் குழம்பைச் சீசாவில் அடைத்து விற்கும் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவர் வால்டர் மக்கில்ஹென்னி. அவர் 1942-ல் குவாடல்கனால் தீவில் ஜப்பானியரோடு போரிட்டவர். டப்பா உணவின் சுகத்தை அறிந்தவர். 1966-ல் அவர் ஒரு சின்னச் சமையல் புத்தகம் வெளியிட்டு, அதைச் சீசாவோடு சேர்த்துச் சிப்பாய்களுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். டப்பாவில் உள்ளதையே எதை எதோடு சேர்த்து, எத்தனை சொட்டு விட்டுச் சூடாக்கலாம் என்பதுதான் புத்தகம். பண்டங்களின் பெயர்களில் "குண்டுகளின் கீழ்க் கோழி", "சண்டை நிறுத்தக் கூட்டு" என்ற மாதிரி குறும்பு உண்டு. வியாபாரமும் இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் காட்டில் உட்கார்ந்து ஆறிப்போன டப்பாவைத் திறக்கிறவனுக்கு ஆறு சொட்டு மிளகாய் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஆந்திரா ஊறுகாய் ஜாடியோடு வட இந்தியாவுக்கு ரயிலேறிய எவரும் சொல்வார்கள்.

அதே யுத்தத்துக்குத் தென் கொரியாவும் துருப்பு அனுப்பியிருந்தது. அவர்களுக்குக் கிடைத்ததும் அமெரிக்க டப்பாதான். கொரியர்களுக்கு முட்டைக்கோஸில் மிளகாயும் பூண்டும் போட்டுப் புளிக்கவைத்த கிம்ச்சி இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது. நம் ஊறுகாய்க்கு அது ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லலாம். 1967-ல் தென் கொரிய ஜனாதிபதி பார்க் சுங் ஹீ, அமெரிக்க ஜனாதிபதி ஜான்ஸனுக்கு எழுதிய கடிதத்தில், தம் சிப்பாய்கள் கிம்ச்சிக்கு ஏங்குகிறார்கள், அதை அனுப்ப உதவ வேண்டும் என்று கேட்டார். இரண்டு தேசத் தலைவர்கள் பீரங்கி, விமானம் பற்றி எழுதிக்கொள்ளும் கடிதத்தில் ஊறுகாய்க்கும் இடம் கிடைத்தது. கிம்ச்சி டப்பாவிலும் அடங்குவதாயில்லை. உள்ளே புளித்துப் பொங்கிக்கொண்டே இருக்கும். அதை அடக்குகிற வித்தையைக் கற்று, கொரியாவிலேயே டப்பா செய்து அனுப்பினார்கள்.

நம் நாட்டிலும் இந்தக் கவலை எழுந்தது. 1961-ல் மைசூரில் பாதுகாப்பு இலாகாவின் உணவு ஆராய்ச்சிக் கூடம் ஏற்பட்டது. மாதக் கணக்கில் கெடாத சப்பாத்தி, பையோடு சூடாக்கித் தின்னும் புலாவ், உப்புமா, ஹல்வா எல்லாம் அங்கே உருவாயின. இமயத்தின் உச்சிகளில் காவல் இருப்பவர்களுக்குக் காற்று மெலிவதால் பசியே மங்கிவிடும். பசியில்லாதவனை எந்தக் கலோரிக் கணக்கும் தின்ன வைக்காது. ஆனால் உப்புமா மணம் ஒருவேளை தின்ன வைக்கலாம்.

கடைசியாக ஒரு பரீட்சையைச் சொல்கிறேன். அமெரிக்க ராணுவம் 1981-ல் டப்பாவை ஒழித்து, சமைத்த உணவைப் பைகளில் அடைத்துக் கொடுக்க ஆரம்பித்தது. 1983-ல் ஹவாயில் ஒரு படைப்பிரிவுக்கு 34 நாட்கள் இதையே கொடுத்துப் பார்த்தார்கள். ஆளுக்கு 3,600 கலோரி கொடுத்தார்கள். அவர்கள் தின்றது சுமார் 2,200. எடை குறைந்தது. விசித்திரம் என்னவென்றால், ருசி எப்படி என்று ஒன்பது படிச் சீட்டைக் கொடுத்துக் கேட்டபோது நல்ல மார்க்குத்தான் போட்டார்கள்! விஞ்ஞானிகளுக்குத் தலை சுற்றியது. அதே பைகளை மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மாணவர்களுக்கு 45 நாட்கள் கொடுத்துப் பார்த்தார்கள். மாணவர்கள் 3,000 கலோரிக்கு மேல் தின்றார்கள். அவர்களுக்கு மேஜை இருந்தது, நாற்காலி இருந்தது, தட்டு இருந்தது, கூடப் பேச ஆள் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக உணவு சூடாக இருந்தது.

மேஜையும் நாற்காலியும் யுத்த களத்துக்குக் கொண்டுபோக முடியாது. சூட்டைக் கொண்டுபோகலாம். 1990-களின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு உணவுப் பையோடும் ஒரு மெல்லிய உறை சேர்ந்து வருகிறது. உள்ளே மக்னீஷியமும் இரும்பும் கலந்த தூள். கொஞ்சம் தண்ணீர் விட்டால் நெருப்பில்லாமலே கொதித்து, பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் சாப்பாட்டைச் சூடாக்கிவிடும். பல பைகளில் விரல் நீளத்தில் ஒரு மிளகாய்க் குழம்புச் சீசாவும் இருந்தது. உறையின்மேல் எப்படிச் செய்ய வேண்டும் என்று படம் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். தண்ணீர் சிந்தாமல் இருக்க உறையை எதன்மேலாவது சற்றுச் சாய்த்து வைக்க வேண்டும். எதன்மேல் என்று அந்தப் படத்தில் அம்புக்குறி போட்டு, "கல் அல்லது ஏதாவது" என்று எழுதியிருக்கிறது.